யூரிக் அமில மிகையும் இதய நோய்களும்: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

முழு உடல் பரிசோதனை பரவலான பின்னர், மூட்டுவலி ஏதும் இல்லாத பலர் தம் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை ஆய்வக அறிக்கை வழியாக அறிகின்றனர். அம்மிகை மாரடைப்புக்கு வழிவகுக்கும் என்ற அச்சமும், மாத்திரையால் அதைக் குறைத்துவிட்டால் இதயம் காக்கப்படும் என்ற நம்பிக்கையும் மக்களிடையே உள்ளன. யூரிக் அமிலத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது ஐயமற்றது. ஆயின் அது காரணமா, அடையாளமா என்பதே வினா. இவ்வினாவுக்கு மருத்துவ ஆய்வுகள் இதுவரை அளித்துள்ள விடையை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளின் தொழில்சார் வாழ்வில் அவ்விடை எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: யூரிக் அமிலம், கவுட், கீல்வாதம், இதய நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகம், சென்னை மேற்குப் புறநகர்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிலால் வளர்ந்த நிலப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவாக்கப்பட்டது. ஆவடியில் 1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. பூந்தமல்லி பெங்களூர் நெடுஞ்சாலையின் வாயிலாக அமைந்து, திருமழிசை வரை பரவிய பட்டறைகளோடும் கிடங்குகளோடும் இணைந்தது. இப்பகுதி மக்களுள் பெரும் பங்கினர் சுழல்முறைப் பணியாளர், கடைசல் எந்திரம் இயக்குவோர், ஓட்டுநர், சுமை தூக்குவோர், அலுவலகப் பணியாளர் என உழைத்து வாழ்வோர் ஆவர்.

இத்தகைய ஒருவர் நாற்பது வயதைக் கடந்ததும் நிறுவனத்தின் வழியாகவோ, தாமாகவோ குருதிப் பரிசோதனை செய்துகொள்கிறார். அறிக்கையில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 7.8 மில்லிகிராம் எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதே தாளில் இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறது. கிரியாட்டினின் சற்று உயர்ந்துள்ளது. தடித்த எழுத்தில் உள்ள ஒன்றே கண்ணில் படுகிறது. உறவினர் ஒருவர் பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்கிறார். மற்றொருவர் தாம் உண்ணும் மாத்திரையின் பெயரை எழுதித் தருகிறார். இரத்த அழுத்தம் அளக்கப்படாமலே போகிறது.

இந்நிகழ்வில் உள்ள பிழை யாது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூரிக் அமிலம்: தோற்றமும் வெளியேற்றமும்

உயிரணுக்களின் மரபுப் பொருளில் பியூரின் எனும் வேதிப்பொருள் உண்டு. பழைய உயிரணுக்கள் அழிந்து புதியன தோன்றும்போதும், உணவு செரிக்கும்போதும் பியூரின் சிதைகிறது. அச்சிதைவின் இறுதிப் பொருளே யூரிக் அமிலம். ஹைப்போசாந்தைன் என்ற பொருளைச் சாந்தைனாகவும், சாந்தைனை யூரிக் அமிலமாகவும் மாற்றுவது சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி. உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலின் சொந்த உயிரணுக்களிலிருந்தே வருகிறது. எஞ்சியதே உணவிலிருந்து வருவது. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் அமிலத்தைப் பெருமளவு குறைக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிக்கேஸ் எனும் நொதி யூரிக் அமிலத்தை மேலும் சிதைத்து, எளிதில் கரையும் பொருளாக்கிவிடுகிறது. மனிதக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதையரிடத்தில், ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்நொதிக்குரிய மரபணு செயலிழந்தது. அதனால் மனிதக் குருதியில் யூரிக் அமிலம் பிற பாலூட்டிகளைவிட மிகுந்தே காணப்படுகிறது.

வெளியேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும், மூன்றில் ஒரு பங்கைக் குடலும் ஏற்கின்றன. சிறுநீரகம் தான் வடிகட்டும் யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை மீண்டும் குருதிக்கே அனுப்பிவிடுகிறது. இம்மீளுறிஞ்சலைச் செய்யும் முதன்மைப் புரதம் யூராட்-1 எனப்படுகிறது. இது 2002இல் அடையாளம் காணப்பட்டது. மிகை காணப்படுவோருள் பெரும்பாலோரிடத்துக் குறை வெளியேற்றத்திலேயே உள்ளது. எனவே யூரிக் அமில மிகை கண்ட இடத்தில் சிறுநீரகத்தைப் பற்றி எண்ணுவது முதற்கடமை.

உடல் வெப்பநிலையில் யூரேட் உப்பு கரைந்து நிற்கும் எல்லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம். அதைக் கடந்தால் படிகம் உருவாக வாய்ப்புண்டு. ஆயினும் கடந்தோர் அனைவரிடத்தும் படிகம் உருவாவதில்லை. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் மூட்டுவலியின்றியே இருப்பர். ஈஸ்ட்ரோஜன் யூரிக் அமில வெளியேற்றத்துக்குத் துணைபுரிவதால், மாதவிடாய் நிற்கும் வரை பெண்களிடத்து அளவு குறைந்திருக்கும், பின்னர் உயரும்.

சொல்லும் பொருளும்

யூரேட் படிகம் மூட்டில் படிந்து உண்டாக்கும் அழற்சி ஆங்கில மருத்துவத்தில் கவுட் எனப்படுகிறது. தமிழில் இதற்குக் கீல்வாதம் என்ற சொல் ஆளப்படுகிறது. அதே சொல் மூட்டுத் தேய்மானத்துக்கும் முடக்கு வாதத்துக்கும், பொதுவாக எல்லா மூட்டழற்சிக்கும் வழங்குகிறது. பேச்சு வழக்கிலோ மூட்டுநோய் அனைத்தும் 'வாதம்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இது சொல்லாட்சிச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. இரவில் திடீரெனக் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை படுவதையும் பொறுக்க இயலாத வலி கவுட்டின் தனி அடையாளம். மாடிப்படி ஏறுகையில் முழங்காலில் மெல்லத் தோன்றும் தேய்மான வலி வேறு. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது ஒரே மருந்துக்கு உரியனவாகக் கருதப்படுகின்றன. மருந்துக்கடையில் வாங்கும் வலிநிவாரணி இரண்டுக்கும் பொதுமருந்தாகிவிடுகிறது. இக்கட்டுரையில் யூரேட் படிக நோய் கவுட் என்றே குறிக்கப்படுகிறது. மூட்டு நோயின்றிக் குருதியில் அளவு மட்டும் உயர்ந்த நிலை 'அறிகுறியற்ற மிகை' எனப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்துணராமல் இதயத்தோடு உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள இயலாது.

ஐயம் பிறந்த வரலாறு

1776இல் சுவீடன் நாட்டு வேதியியலர் கார்ல் வில்கெல்ம் ஷீலே சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். 1848இல் இங்கிலாந்து மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் கவுட் நோயாளிகளின் குருதியில் அது மிகுந்திருப்பதைக் காட்டினார். குருதி நீரில் நூலிழையை இட்டு, அதில் படிகம் படிவதைக் காணும் எளிய முறை அவருடையது.

இதயத்தோடும் குருதிக்குழாயோடும் இதனை இணைத்து நோக்கியோருள் ஃபிரெடரிக் அக்பர் மகமது குறிப்பிடத்தக்கவர். பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய சேக் தீன் மகமதுவின் பேரர் இவர். இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இவர், 1870களில் நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு, சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்று நிறுவினார். உயர் அழுத்தம் உடையோர் பலர் கவுட் நோய் வழங்கும் குடும்பத்தினர் என்பதையும் 1879இல் சுட்டினார். 1951இல் அமெரிக்காவில் கெர்ட்லரும் உடனாய்வாளர்களும், இளவயதில் மாரடைப்பு கண்ட ஆண்களிடத்து யூரிக் அமிலம் உயர்ந்திருப்பதைப் பதிவு செய்தனர்.

பின்னர் வந்த பெரிய மக்கள் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 6763 பேரை ஆராய்ந்த ஃபிரேமிங்காம் ஆய்வு, இரத்த அழுத்தம் முதலிய பிற காரணிகளைக் கணக்கிட்ட பின்னர் யூரிக் அமிலத்துக்குத் தனிப் பங்கு இல்லை என 1999இல் முடிவுரைத்தது. அடுத்த ஆண்டே, 5926 பேரைப் பற்றிய அமெரிக்க தேசிய உடல்நல ஆய்வுத் தரவு, பிற காரணிகளை நீக்கிய பின்னும் இதய நோய் இறப்போடு தொடர்பு எஞ்சுவதாகக் கூறியது. இரண்டும் தக்க முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளே. உற்றுநோக்கல் மட்டும் காரணத்தை உறுதிசெய்யப் போதாது என்பதை இம்முரண் உணர்த்திற்று.

இதயத்தைத் தாக்கக்கூடும் எனக் கருதப்படும் வழிகள்

யூரிக் அமிலம் இதயத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உண்டு. அவை நான்கு வகைப்படும்.

முதலாவது குருதிக்குழாயின் உட்படலம். அப்படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. யூரிக் அமிலம் உயிரணுவினுள் புகுந்து இவ்வளியின் அளவைக் குறைக்கிறது. குழாய் இறுகி அழுத்தம் உயர வாய்ப்பு ஏற்படுகிறது.

இரண்டாவது நொதியின் செயல். சாந்தைன் ஆக்சிடேஸ் யூரிக் அமிலத்தை உருவாக்கும்போதே, திசுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்களையும் உண்டாக்குகிறது. அவ்வாறாயின் தீங்கு செய்வது யூரிக் அமிலம் அன்று. அதனுடன் பிறக்கும் பிறிதொன்று.

மூன்றாவது சிறுநீரகம். 2001இல் வெளிவந்த எலி ஆய்வில், யூரிக்கேஸ் நொதி தடுக்கப்பட்ட எலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. ரெனின் என்னும் பொருள் மிகுந்ததும், நைட்ரிக் ஆக்சைடு ஆக்கம் குன்றியதும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன.

நான்காவது அழற்சி. யூரேட் படிகங்கள் வெள்ளணுக்களுள் இருக்கும் அழற்சித் தூண்டு அமைப்பை இயக்குகின்றன என்பது 2006இல் நிறுவப்பட்டது. இதயத் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்துக் குருதி உறைவதிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு.

இவ்வழிகள் நிகழக்கூடியவை. எலியில் நிகழ்வது மனிதரில் நோய்க்குக் காரணமாகிறதா என்பதை வேறு அளவைகளே காட்ட இயலும்.

புகையும் நெருப்பும்: காரணத்தை அறியும் அளவைகள்

மணிமேகலையின் 29ஆம் காதை அளவையியலை விரித்துரைக்கிறது. புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணரும் அனுமானம் அதில் இடம்பெறும் எடுத்துக்காட்டு. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கக்கூடும். ஆயின் புகையை விசிறி அகற்றுவதால் நெருப்பு அணையாது. யூரிக் அமிலம் நெருப்பா, புகையா என்பதை அறிய இரண்டு வழிகளில் சோதனை நடந்துள்ளது.

ஒன்று மரபணு வழிச் சோதனை. சிலர் பிறப்பிலேயே யூரிக் அமிலத்தை உயர்த்தும் மரபணு வேறுபாடுகளுடன் பிறக்கின்றனர். யூரிக் அமிலமே இதய நோய்க்குக் காரணமாயின், இவர்களிடத்து இதய நோய் மிகுந்திருத்தல் வேண்டும். 2016இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வுகள் இதற்கு உறுதியான ஆதரவு தரவில்லை. கவுட் நோய் மிகுவதை அவை தெளிவாகக் காட்டின. இதயத் தமனி நோய் அவ்வாறு தெளிவாக மிகவில்லை. வேறு சில மரபணு ஆய்வுகள் மாறுபட்ட முடிவைத் தந்துள்ளன என்பதும் கருதத்தக்கது.

மற்றொன்று மருந்து வழிச் சோதனை. சாந்தைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் அல்லோபியூரினால், கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வால் உருவான மருந்து. அவ்விருவரும் 1988இல் நோபெல் பரிசு பெற்றனர். 2008இல், புதிதாக உயர் அழுத்தம் கண்டறியப்பட்ட 30 வளரிளம் பருவத்தினருக்கு இம்மருந்து தரப்பட்டது. அதனை உண்ட காலத்தில் 20 பேரின் அழுத்தம் இயல்புநிலை அடைந்தது; போலி மாத்திரை உண்ட காலத்தில் ஒருவரே அந்நிலையை எய்தினார். இம்முடிவு பெரும் நம்பிக்கையை விதைத்தது. ஆயின் 2021இல் வெளிவந்த, 99 இளையோரைக் கொண்ட மற்றோர் ஆய்வில் அழுத்தம் குறையவில்லை. இதயம் தளர்ந்து, யூரிக் அமிலமும் மிகுந்த 253 பேருக்கு இம்மருந்தைத் தந்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்விலும் பயன் காணப்படவில்லை.

இவை அனைத்தினும் பெரியது, பிரித்தானியாவில் நிகழ்த்தப்பட்டு 2022இல் வெளியான ஆல்-ஹார்ட் ஆய்வு. இதயத் தமனி நோய் உள்ள, கவுட் இல்லாத, 60 வயது கடந்த 5721 பேர் இதில் கணக்கிடப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரை அல்லோபியூரினால் தரப்பட்டது. மறுபகுதியினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தனர். சராசரியாக 4.8 ஆண்டுகள் கண்காணித்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குழாய் நோய் இறப்பு ஆகியவற்றுள் ஒன்று மருந்துண்டோருள் 11.0 விழுக்காட்டினருக்கும், மற்றவருள் 11.3 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும். யூரிக் அமிலம் மிகுந்தோர் மட்டுமே இவ்வாய்வுக்குத் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பது இதன் வரம்பு. எனினும் கவுட் இல்லாதவர், இதயத்தைக் காக்கும் பொருட்டு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை உண்ணவேண்டும் என்ற கருத்துக்கு இவ்வாய்வு இடமளிக்கவில்லை. 2020இல் வெளியான அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டலும் அறிகுறியற்ற மிகைக்கு மருந்து தொடங்குவதைப் பரிந்துரைக்கவில்லை. சப்பானிய வழிகாட்டல், உடன் நோய்கள் உள்ளோருக்குக் குறிப்பிட்ட அளவைக் கடந்தால் மருந்தைக் கருதலாம் என்கிறது. அறிஞரிடையே கருத்து வேறுபாடு முற்றிலும் ஓயவில்லை என்பதையும் மறைத்தல் தகாது.

இவற்றால் பெறப்படுவது ஒன்று. அறிகுறியற்ற யூரிக் அமில மிகை, இன்றைய சான்றுகளின்படி, பெரிதும் புகை. அதன் பின்னே இரத்த அழுத்தம், சர்க்கரை, உடற்பருமன், சிறுநீரகத் தளர்ச்சி ஆகிய நெருப்புகள் இருக்கக்கூடும். இன்சுலின் மிகும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தைக் கூடுதலாக மீட்டுக்கொள்வதால், சர்க்கரை நோயின் முன்நிலையிலேயே யூரிக் அமிலம் உயர்ந்துவிடுகிறது. ஆகவே அது தள்ளத்தக்க செய்தி அன்று. நெருப்பைத் தேடுக என அறிவிக்கும் செய்தி.

கவுட் உள்ளோர் நிலை வேறு

மேற்கூறிய முடிவு கவுட் நோயாளிக்குப் பொருந்தாது. அவரிடத்துப் படிகமும் அழற்சியும் மெய்யாகவே உள்ளன. பிரித்தானியாவில் கவுட் உள்ள 62,574 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. மாரடைப்போ பக்கவாதமோ நேர்ந்தவர், அதற்கு முந்தைய 60 நாள்களுக்குள் கவுட் வலிக்கு ஆளாகியிருக்கும் வாய்ப்பு, நேராதவரைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எனவே கவுட் வலி தணிந்த பிறகும் சில வாரங்கள் மார்பு வலி, மூச்சுத் திணறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றில் விழிப்பு தேவை.

கவுட் உள்ளோருக்கு யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ்க் கொணர்வது ஏற்கப்பட்ட இலக்கு. இதற்குரிய மருந்தைத் தேர்வதிலும் இதயம் கருதப்படவேண்டும். கவுட்டும் இதய நோயும் உள்ள 6190 பேரைக் கொண்டு 2018இல் வெளியான கேர்ஸ் ஆய்வில், ஃபெபுக்சோஸ்டாட் உண்டோரிடத்து இதய நோய் இறப்பு 4.3 விழுக்காடாகவும், அல்லோபியூரினால் உண்டோரிடத்து 3.2 விழுக்காடாகவும் இருந்தது. இதனால் 2019இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஃபெபுக்சோஸ்டாட்டுக்குக் கடும் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. 2020இல், 6128 பேரைக் கொண்ட ஃபாஸ்ட் ஆய்வு அத்தகைய கூடுதல் இடரைக் காணவில்லை. அல்லோபியூரினாலும் இடரற்றது அன்று. அரிதாக உயிருக்கு ஊறு விளைக்கும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். குறைந்த அளவில் தொடங்கி, சிறுநீரகத்தின் நிலையறிந்து மெல்ல உயர்த்தவேண்டிய மருந்து அது. உறவினர் எழுதித் தரும் பெயரைக் கொண்டு வாங்கத்தக்கது அன்று.

வலிநிவாரணிகள் தனிக் கவனத்துக்கு உரியவை. டைக்ளோஃபினாக் போன்றவை மாரடைப்பு இடரை உயர்த்துவதாக 2013இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அவை சிறுநீரகத்தையும் தாக்கும். இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். இதய நோயும் கவுட்டும் உள்ளவர் தாமே வலிநிவாரணி வாங்கி உண்பது, யூரிக் அமிலத்தால் வரக்கூடிய இடரைவிடப் பெரிய இடரை வரவழைத்துக்கொள்வதாகும்.

மேற்குப் புறநகரின் வாழ்வும் யூரிக் அமிலமும்

இப்பகுதியின் இதய நோய்ச் சுமைக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. அம்பத்தூருக்கு அணித்தே உள்ள திருமங்கலத்திலும், நகரின் நடுவே உள்ள தியாகராய நகரிலும் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நிகழ்த்திய சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வின் முடிவு 2001இல் வெளியாயிற்று. 20 வயது கடந்த 1262 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. 2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, மாநிலத்தில் வயதுவந்தோருள் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் உள்ளன. உயர் அழுத்தம் உடையோருள் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தோர் 7.3 விழுக்காட்டினரே. நெருப்பு எங்கே எரிகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

தொழில்வழி வரும் யூரிக் அமில மிகைக்குக் குறைந்தது இரண்டு வாயில்கள் உண்டு. முதலாவது வெப்பம். உலைக்கூடம், வார்ப்படப் பட்டறை, தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறு தொழிலகம் ஆகியவற்றில் வியர்வையால் உடல்நீர் குறைகிறது. சிறுநீர் செறிவடைந்து யூரிக் அமில வெளியேற்றம் தடைப்படுகிறது. கல் உருவாகும் வாய்ப்பும் பெருகுகிறது. பூந்தமல்லியை அடுத்த போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், தென்னிந்திய எஃகு ஆலைத் தொழிலாளரிடமும் தமிழக உப்பளத் தொழிலாளரிடமும் வெப்பத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை ஆராய்ந்துள்ளனர். கழிப்பறை வசதி குறைந்த பணியிடங்களில் நீர் அருந்துவதையே தவிர்க்கும் பெண் தொழிலாளர் நிலை இதனினும் கடினமானது.

இரண்டாவது ஈயம். ஈயத்தோடு பழகிய குழாய்ப் பணியாளரும் வண்ணம் பூசுவோரும் கவுட்டுக்கு ஆளாவதைக் கேரட் 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்துள்ளார். ஈயம் சிறுநீரகத்தின் யூரிக் அமில வெளியேற்றத்தைக் கெடுக்கிறது. பழைய மின்கலங்களைப் பிரித்து ஈயம் உருக்கும் தொழிலில் உள்ளவருக்கு யூரிக் அமில மிகை காணப்படின், குருதியில் ஈய அளவையும் அறிவது முறையாகும்.

உணவைப் பொறுத்தவரை, மக்கள் அஞ்சுவதும் அஞ்சவேண்டுவதும் ஒன்றல்ல. 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டோரிடத்துக் கவுட் மிகுந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகளால் மிகவில்லை. பால் பொருள்கள் அதனைக் குறைத்தன. அதே மக்களிடத்துச் செய்த பிற ஆய்வுகளில் மதுவும், அதனுள்ளும் பீர் சிறப்பாகவும், சர்க்கரை கலந்த குளிர்பானங்களும் கவுட்டை மிகுவித்தன. இம்முடிவின்படி, சாம்பாரையும் முருங்கைக் கீரையையும் விலக்குவதில் பயனில்லை; மோர் நன்று. ஈரல், சுவரொட்டி, நெத்திலி ஆகியவற்றை அளவோடு கொள்வதும், பணி முடிந்த பின் பீரையும் குளிர்பானத்தையும் தவிர்ப்பதுமே பயன் தருவன. பருப்பையும் கீரையையும் இழந்தவர் அவ்விடத்தை வெள்ளைச் சோற்றாலும் பரோட்டாவாலும் நிரப்புவாராயின், சர்க்கரையும் எடையும் உயர்ந்து யூரிக் அமிலமும் உயரும்.

மிகை கண்டவர் செய்யத்தக்கன

அறிக்கையில் மிகை கண்டவர் ஒரே அளவீட்டைக் கொண்டு முடிவு செய்யாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். உடல்நீர்க் குறைவு, முந்தைய நாள் மது, கடும் பட்டினி ஆகியவை அளவை உயர்த்தும்.

அடுத்து, தாம் உண்ணும் மருந்துகளைப் பட்டியலிட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கிகளும், குறைந்த அளவு ஆஸ்பிரினும், காசநோய் மருந்தாகிய பைரசினமைடும் யூரிக் அமிலத்தை உயர்த்துவன. இதனை அறிந்த ஒருவர் தாமே அம்மருந்துகளை நிறுத்துவது பெருங்கேடு. மாரடைப்புக்குப் பின் உண்ணும் ஆஸ்பிரினை யூரிக் அமிலத்துக்கு அஞ்சி நிறுத்துவது, புகைக்கு அஞ்சி நெருப்பில் விழுவதற்கு ஒப்பாகும். இரத்த அழுத்த மருந்துகளுள் லோசார்ட்டன் யூரிக் அமிலத்தையும் குறைக்கும் இயல்புடையது. சர்க்கரைக்குத் தரப்படும் எஸ்ஜிஎல்டி-2 தடுப்பான்களும் அதனைக் குறைக்கின்றன. இவை இதயத்துக்கு நன்மை செய்வதும் நிறுவப்பட்டுள்ளது. மாற்றம் வேண்டுமாயின் மருத்துவரே செய்தல் வேண்டும்.

மூன்றாவதாக, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை அளந்தறிய வேண்டும். இவற்றுள் பலவற்றை நகர்ப்புற நலவாழ்வு மையங்களிலும், அரசு மருத்துவமனைகளிலும், காப்பீடு பெற்ற தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் கட்டணமின்றி அறியலாம். 2021 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. புகைபிடித்தலை விடுதலும், நடத்தலும், வெப்பத்தில் உழைப்போர் போதிய நீர் அருந்துதலும் இவற்றோடு சேர்பவை. சிறுநீரகம் அல்லது இதயம் தளர்ந்தோர் மட்டும் நீரின் அளவை மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும்.

முடிவுரை

யூரிக் அமில மிகைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு ஒன்றரை நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. எலியிலும் ஆய்வகத்திலும் தீங்கு செய்யும் பொருளாகத் தோன்றிய அது, மனிதரிடத்துச் செய்த பெரிய மருந்துச் சோதனையில் இதய நோயின் காரணமாக உறுதிப்படவில்லை. கவுட் உள்ளவருக்கு அது மருந்துக்குரிய நோய். அவர்தம் இதயமும் உடன் கண்காணிக்கப்பட வேண்டும். கவுட் இல்லாதவருக்கு அது ஓர் அடையாளம்.

தமிழ் மருத்துவச் சொல்லாட்சி இவ்விரு நிலைகளையும் பிரித்துணர்த்தும் சொற்களை நிலைபெறச் செய்வது ஆய்வாளர் கடமையாகும். மேற்குப் புறநகரின் தொழிற்கூடங்களில் நடைபெறும் உடற்பரிசோதனைகள் யூரிக் அமிலத்தின் எண்ணை மட்டும் அச்சிட்டுத் தருவதோடு நில்லாமல், அதே தாளில் இரத்த அழுத்தத்தின் எண்ணையும் குறித்து, இரண்டையும் சேர்த்து விளக்கித் தருதல் வேண்டும். 7.8 எனும் எண்ணைக் கண்டு அஞ்சிய தொழிலாளிக்கு, அளக்கப்படாமல் விடப்பட்ட இரத்த அழுத்தத்தை அளந்து சொல்வதே பேருதவியாக அமையும்.